ஜெப விண்ணப்பம்

ஜூன் 3, செவ்வாய்

ஆய்வகத்தில் ஓயாத கூட்டம். ரத்தம் எடுத்து எடுத்துக் கை மரத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், பாத்திரம் துடைத்துக்கொண்டே பெரியவள் மெதுவாகச் சொல்கிறாள்: "ஜெபம் பண்ணும்போது யாரும் கேக்குற மாதிரியே இல்லம்மா. யார்கிட்டயும் சொல்லிடாத." பதினாறு வயது. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 6, வெள்ளி

பெண்கள் ஜெபக்கூட்டம். விண்ணப்பம் உண்டா என்று கேட்டார்கள். என் வாய் சும்மா இருந்ததா? "பொண்ணு விசுவாசத்துல தளர்ந்துட்டா, ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லி அழுதேன். ஜெபத்துக்குத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு? மனம் லேசாகிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இருந்த போதகரின் மனைவி பெரியவளைக் கூப்பிட்டார். வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் நிற்க, அவள் தலையில் கைவைத்து, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையோட சந்தேகத்த எடுத்துப்போடும்" என்று ஜெபித்தார். பாசத்தோடுதான். என் மகள் கண்ணை மூடவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. "ஏசப்பா கேக்குறாரான்னு தெரியலன்னு சொன்னேன். நீயாவது கேப்பேன்னு நெனச்சேன்." அவ்வளவுதான்.

ஐயோ, என்ன பண்ணிட்டேன்! முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கழுத்தை அறுத்தாலும் வெளியே சொல்லாதவள் நான். பெத்த புள்ள சொன்னதப் போய் —

ஜூன் 9

மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றாள். அந்தச் சரிக்குப் பதில் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தால், "நன்றி ஆண்டவரே, ஆமென்." முடிந்தது. "அக்கா ஜெபம் சூப்பர், சோறு ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருது" என்றான் சின்னவன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நான் குழம்புச் சட்டியை எடுக்க எழுந்து போனேன்.

ஜூலை 11, வெள்ளி

"பொண்ணு எப்படி இருக்கா? ஜெபத்துக்குப் பதில் கிடைச்சுதா, சாட்சி சொல்லுங்க" என்றார்கள் கூட்டத்தில். "அத அவதான் சொல்லணும். அன்னிக்கு நான் சொன்னதே தப்பு" என்றேன். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். இனி எனக்காகவும் ஜெபம் நடக்கும். நடக்கட்டும், எனக்கும் தேவைதான்.

ஆகஸ்ட் 2

இப்போதெல்லாம் அப்பாவிடம்தான் பேசுகிறாள். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. பிறகு பள்ளிக்கூடம், பாடம், மழை. வலிக்கிறது. யாரைக் குற்றம் சொல்ல?

செப்டம்பர் 13, சனி

காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். நான் ஓரமாக உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. துணி தீர்ந்துபோனதும், மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தேன்.

அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கேகூட எழுதப்போவதில்லை.