ஸ்டாண்ட்பை சொன்னவர்தான் விடுவிக்க வேண்டும்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரப் பெண் எழுதும் கடிதம். இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். பேத்திக்கு முன்பல் விழுந்ததாகச் சொன்னாயே, முளைத்துவிட்டதா? இங்கே சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது, வீட்டில் ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று நான் விட்டுவிட்டேன். உன் அம்மாவின் நாற்காலியில் துவைத்த துணிகளைப் போட்டு வைக்கிறேன், அதைக் காலியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் போனில், "உங்களை இங்க கூட்டிக்கிறதைப் பத்தி அவர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்பா, அதுவரைக்கும் ஸ்டாண்ட்பைல இருங்க" என்று சிரித்தாய். என் வேலையிடத்து வார்த்தையை எனக்கே சொல்கிறாளே என்று நானும் சிரித்தேன். இப்போது வெயில் கொளுத்துகிறது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், சும்மா காத்திருக்கிறதுதானே தாத்தா என்கிறாள் எழுதுகிற பெண். சும்மா இருப்பது வேறு, இது வேறு. கிரேனுக்குக் கீழே வாக்கிடாக்கி செட்டோடு நின்று சைகை காட்டியவன் நான். ஸ்டாண்ட்பை என்று காதில் விழுந்தால் நகரக் கூடாது, தூக்கிய கையைக் கீழே போடக் கூடாது, செட்டை அணைக்கக் கூடாது. சொன்னவரே வந்து விடுவிக்க வேண்டும், வேறு யார் சொன்னாலும் செல்லாது. ஒருமுறை மேஸ்திரி அப்படிச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனவர் எங்களை மறந்தே போனார். கம்பிக்கட்டு அந்தரத்தில், கிரேன் ஓட்டுகிறவன் மேலே, நான் கீழே. "உனக்காவது காலுக்குக் கீழ தரை இருக்குடா, நானும் கம்பியும் ஒண்ணாத் தொங்குறோம்" என்று கூண்டிலிருந்து தலையை நீட்டிக் கத்தினான் அவன். மேஸ்திரி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தபோது நாங்கள் ரெண்டு பேருமே அவரைத் திட்டவில்லை, வந்துவிட்டாரே என்றுதான் இருந்தது.

உன் சித்தப்பா வீட்டில் பின்பக்க அறை காலியாகிவிட்டது. "வந்துடுண்ணே, சண்டை போடவாவது ஒரு ஆள் வேணும்ல" என்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் நான் சொல்லாவிட்டால் வாடகைக்கு விட்டுவிடுவானாம், அவனுக்கும் குடும்பம் இருக்கிறது, அவனைக் குறை சொல்ல முடியாது. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் வருவதற்காக எடுத்து வைத்த சட்டைகள் பெட்டியில் மடித்தபடியே இருக்கின்றன.

இதைப் போனிலேயே கேட்டுவிடலாமே என்கிறாள் இந்தப் பெண். எப்படி இருக்கீங்கப்பா என்று நீ கேட்டதும் என் வாய் தானாக நல்லாயிருக்கேம்மா என்று சொல்லி முடித்துவிடுகிறது, அதற்கு மேல் எதுவும் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம்.

அம்மாடி, இங்கே இடமில்லை, வர வேண்டாம் என்பதானாலும் சொல்லிவிடு. வருத்தம் இல்லாமல் இருக்காது. ஆனால் கையைக் கீழே போட்டுவிடலாம். மாப்பிள்ளை சொல்லக் கூடாது, சித்தப்பா மூலமாகவும் வேண்டாம், உன் வாயால் நீ சொல்ல வேண்டும், மாதக் கடைசிக்குள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
செட்டை அணைக்காமல் வைத்திருக்கும் உன் அப்பா
(கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை)