ஆறாம் பக்கத்தில் நின்றவள்

அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே டுலூத்தில் பனி தொடங்கியிருக்கும். இங்கே ஃபீனிக்ஸில் இன்னும் மின்விசிறி ஓடுகிறது.

ஒரு வேடிக்கை நடந்தது, கவலைப்பட ஒன்றுமில்லை. கணக்கில் முந்தி ஓடும் பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு, இரண்டாம் வகுப்பு முழுவதற்கும் தேர்வு வைத்தோம். என் வகுப்பின் கெட்டிக்காரி ரொசால்பா தேறவில்லை. விடைத்தாளைப் பார்த்தேன். முதல் பாதி அத்தனையும் சரி, மறுபாதி வெறுமை.

"ஏண்டா கண்ணு நிறுத்திட்ட?"

"ஆறாம் பக்கத்துல நில்லுன்னு போட்டிருந்துச்சு மிஸ். நீங்க அடுத்த பக்கம் போகச் சொல்லவே இல்லையே."

சொல்ல மறந்தது நான்தான். மற்றவர்கள் தாமாகவே பக்கத்தைத் திருப்பியிருக்கிறார்கள். என் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். தேர்வுப் பொறுப்பாளர் விட்காம்ப் அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வேலைக்கு வந்த மூணாம் மாசமே இப்படியா? பிழைக்கத் தெரியாத பொண்ணும்மா நீ!"

சிரித்துக்கொண்டே ரொசால்பாவை மறுபாதி எழுத அனுமதித்தார். அதில் ஒரே ஒரு விடைதான் தப்பு. திங்கள் முதல் கணக்கு நேரத்தில் ரொசால்பா அந்தத் தனி வகுப்புக்கு, வேறு அறைக்குப் போகிறாள்.

"அங்க எனக்கு யாரையும் தெரியாதே மிஸ்."

"ரெண்டு நாள்ல யாராவது வந்து பக்கத்துல உக்காருவாங்க."

"உங்களுக்கு வந்தாங்களா?"

"ஓ, வந்தாங்களே" என்றேன்.

நம் பிளம் ஜாம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். வேண்டாம், இரண்டாக அனுப்புங்கள். அந்தப் பிள்ளையிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது. ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.

மணி அடித்துவிட்டது.

உங்கள்
சிக்ரிட்