என் பெயரில் நீ பரப்பிய பீன்ஸ் கட்டுரை

டால்பட் கிரீக், கொலராடோ
அக்டோபர் 2010

அன்புள்ள நோலனுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், அவருடைய இடது முழங்காலைத் தவிர. நீ சுகமா என்று கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உன் குரலைக் கேட்டேன், கவலை என்பது தொட்டுக்கூடப் பார்க்காத குரல், அதனால்தான் இந்தக் கடிதம். மின்னஞ்சலில் எழுதியிருக்கலாமே என்று நினைப்பாய். அதில் எழுதினால் உனக்கு வேண்டாததை வெட்டிவிட்டு மீதியை எங்காவது போட்டுவிடுவாய். மேற்கே மலை முகட்டில் முதல் பனி விழுந்துவிட்டது. அப்பா விறகு பிளந்து அடுக்கிவிட்டார், முழங்காலோடு ஏன் ஏறி இறங்குகிறீர்கள் என்றால் காது கேட்காதவர் மாதிரி போகிறார். ஆப்பிள் இந்த வருடம் சுமார்தான். இவ்வளவுதான் வீட்டுச் செய்தி, இனி உன் செய்தி.

போன வாரம் சர்ச்சில் அறுவடை விருந்து நடந்தது. வழக்கம்போல ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுபோய் நிலவறைக் கூடத்தில் நீள மேசையில் வைத்தோம். கோடையில் லூயிசியானாவிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது, உனக்குத் தெரியாது, புருஷனுக்குச் சாலைத் துறையில் வேலை, பெண்டாட்டி பெயர் ஜோலீன், இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் அவனில் வேகவைத்த பீன்ஸ் கேசரோல் ஒரு பாத்திரம் கொண்டுவந்திருந்தாள். நான் தட்டில் ஒரு கரண்டி போட்டுக்கொண்டே, பாக்க நல்லா இருக்கேம்மா, டப்பால வாங்கின பீன்ஸா என்று கேட்டேன். இல்லங்க, குளிர்காலத்துக்குன்னு நானே புட்டில போட்டுக் குக்கர்ல வேக வச்சு மூடினது, இதுதான் முதல் தடவ என்று முகமெல்லாம் மலர்ச்சியாகச் சொன்னாள். குக்கர எவ்வளவு அழுத்தத்துல வச்ச என்றேன். பத்து பவுண்டு என்றாள். கரண்டியை அப்படியே கீழே வைத்தேன். நன்றாக யோசித்துச் சொல் என்றேன். பத்துதாங்க, ஒரு பொட்டு கூடக் கொறையாம பாத்துக்கிட்டே நின்னேன் என்றாள்.

என் தட்டையும், வேறு யாரும் தொடுவதற்கு முன் அந்தப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். பாதிரியார் மனைவி லொரெட்டா ஓடி வந்து, வெர்னா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு என்று என் கையைப் பிடித்தாள். ஜோலீன் அழுதுகொண்டே சொன்னாள், நீங்க எழுதினதப் பாத்துத்தானங்க செஞ்சேன், உங்க பேரு போட்டிருந்துச்சே, ஊருல எல்லாரும் உங்களத்தான கேக்கச் சொன்னாங்க, உங்களத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு கம்ப்யூட்டர்ல தேடி எடுத்தேன் என்று. அத்தனை பேரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை நோலன்.

நான் அப்படி எழுதவே இல்லை என்றேன். லொரெட்டா பாதிரியாரின் அறையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பீன்ஸ், புட்டி, கொலராடோ என்று தட்டியதும் முதலில் வந்து நின்றது ஏதோ ஒரு தளம், என் வலைப்பதிவு இல்லை. 'பீன்ஸைப் பதப்படுத்த ஐந்து எளிய வழிகள், எழுதியவர் வெர்னா ஹாலிஸ்டர்.' பத்து பவுண்டு என்று தடித்த எழுத்தில் இருந்தது. அடியில் ஒரு பெட்டி, அதில் நான் முப்பது வருட அனுபவமுள்ள நிபுணராம், சிறந்த சமையல் பாத்திரங்கள் வாங்க இங்கே அழுத்தவும் என்று நானே சொல்கிறேனாம். அழுத்தினால் கடற்கரை ஊரான டாம்பாவில் ஒரு கடை, உனக்குச் சம்பளம் தரும் கிளையன்ட். அந்தக் கடையில் நான் ஒரு கரண்டி கூட வாங்கியதில்லை. என்னுடைய பக்கம், நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய பக்கம், அதற்கு எத்தனையோ கீழே கிடந்தது.

ஃபோனில் நீ சொன்னதை எல்லாம் நான் மறக்கவில்லை. அது ஆர்ட்டிகிள் டைரக்டரிம்மா, கட்டுரைய எல்லாம் சேத்து வைக்கிற தளம், வலைப்பதிவுல போட்டதையே அங்கயும் போடறதுதான் எங்க தொழில், எல்லாரும் செய்றதுதான், உன்னப் படிக்க எத்தன பேர் வர்றாங்க, எவ்வளவு ட்ராஃபிக் தெரியுமா என்றாய். நீதான சம்மதிச்ச என்றாய். ஆமாம், போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, உன் பதிவ வேற எடத்துலயும் போடட்டுமா, இன்னும் நெறய பேர் படிப்பாங்க என்று கேட்டாய், எழுதியதை எழுதியபடி போடு என்றேன். எழுதியபடியா போட்டாய்? என் பதிவு எப்படி ஆரம்பிக்கும் என்று உனக்குத் தெரியும். நாங்கள் இருப்பது ஏழாயிரம் அடிக்கு மேலே, இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு போதாது, ஆகையால் பதினைந்து பவுண்டு. அதற்கப்புறம் உன் அப்பா பொறுமை இல்லாமல் குக்கர் மூடியைத் திறந்து கூரையெல்லாம் பீன்ஸ் ஒட்டிக்கொண்ட கதை. இரண்டையும் வெட்டினாய். ஏன் என்றால், டைரக்டரில சொந்தக் கதைய ஏத்துக்க மாட்டாங்கம்மா, எல்லா ஊருக்கும் பொதுவா இருக்கணும் என்கிறாய். சரி, பதினைந்து எப்படிப் பத்தாயிற்று என்று கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். கடைக்காரங்க பத்துன்னுதான் போட்டிருந்தாங்க, வேற நாலு எடத்துல பாத்தேன், அங்கயும் பத்து, நீ தப்பா தட்டிட்டேன்னு நெனச்சுத் திருத்திட்டேம்மா.

கடற்கரையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பத்து சரிதான். ஆனால் நீ கடற்கரையில் பிறக்கவில்லை. பதினெட்டு வயது வரை இந்தச் சமையலறையில், இந்தக் குக்கர் சத்தத்தில்தான் வளர்ந்தாய், சந்தேகம் வந்தால் ஒரு ஃபோன் போட உனக்கு என்ன கேடு? பத்தில் வைத்த பீன்ஸ் இங்கே என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா. சூடு போதாமல் கிருமி சாகாது, புட்டிக்குள்ளேயே விஷம் வைக்கும், ஆனால் நாற்றம் வராது, நிறம் மாறாது, ருசியாகவும் இருக்கும். சாப்பிட்டவன் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நாக்குக் குழறி, கண்ணிமை தொங்கி, மூச்சு விட முடியாமல் கிடப்பான்.

விருந்துக்கு முந்தின ராத்திரிதான் ஜோலீனுடைய சின்னவன் அதே பீன்ஸை ஒரு கிண்ணம் தின்றிருக்கிறான். விருந்தன்றைக்கே அவனைக் கன்னிசன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கவனித்துக்கொண்டே இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் ஒரு கொட்டாவி விட்டால் கூட அவள் எனக்கு ஃபோன் செய்தாள், கண்ணு சொருகுதுங்க, தூக்கந்தானா இது என்று. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நம் யாருடைய சாமர்த்தியமும் இல்லை, கடவுள் புண்ணியம். அப்புறம் அவளும் நானுமாகச் சேர்ந்து அவள் போட்ட அத்தனை புட்டிகளையும் திறக்காமலே பையில் கட்டி எறிந்தோம். குளிர்காலத்துக்கு என் அலமாரியில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். கோபமா இருக்கியா என்று கேட்டேன். உங்க மேல இல்லங்க, ஆனா இனிமே எதப் படிச்சாலும் யாரு எழுதினதுன்னு நம்பறது என்றாள்.

உன் அப்பா உனக்குப் பரிந்து பேசத்தான் பார்த்தார். பையன் உன்ன நாடு பூரா ஃபேமஸ் ஆக்கிட்டான்டி, நம்ம தபால் பெட்டில கூட உன் பேரு பாதி அழிஞ்சுபோய்க் கெடக்கு என்று சிரித்தார். அந்தப் பெயரைப் போட்டு எத்தனை இடத்தில் பத்து பவுண்டு என்று இருக்கிறது தெரியுமா என்று லொரெட்டா தேடி எடுத்ததைக் காட்டினேன். அடியில் உள்ள பெட்டியை மட்டும் தொடாமல் வைத்தால் யார் வேண்டுமானாலும் கட்டுரையை எடுத்துத் தங்கள் தளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான் உங்கள் டைரக்டரி வழக்கமாமே. தோட்டக்காரர் தளம், பாட்டிமார் தளம், டென்வரில் ஒரு சமையல் தளம், மொன்டானாவில் ஒன்று. கடைசி இரண்டும் மலைப் பகுதி. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவன்கிட்டப் பேசு என்று எழுந்து போனார்.

பேசினேன். நீ என்ன சொன்னாய்? மூலக் கட்டுரைய மாத்திடறேன், ஆனா எடுத்தவங்க போட்டதெல்லாம் என் கைல இல்லம்மா, அப்புறம் இப்ப எடுத்தா கிளையன்ட் கடைக்குப் போற லிங்க் எல்லாம் போயிரும், இந்த சீசன் முடியட்டுமே என்றாய். சீசன் என்றால் என்ன என்று யோசித்துத்தான் சொன்னாயா? ஜனங்கள் தோட்டத்துப் பீன்ஸைப் பறித்துப் புட்டியில் போடும் சீசன் அது. அது முடிந்தால் அந்தப் புட்டிகளைத் திறந்து தின்னும் சீசன். இன்னொரு யோசனையும் சொன்னாய், உன் பதிவ நீயே கொஞ்சம் மாத்தி எழுதிட்டா ரெண்டும் வேற வேறயாத் தெரியும், தேடறப்ப உன்னோடதும் மேல வரும் என்று. ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். பொய்க்கு வழி விட்டு உண்மை ஏன் ஒதுங்க வேண்டும்?

நீ செய்ய வேண்டியது இதுதான், இதில் பேரம் இல்லை. இந்தக் கடிதத்தோடு தனியாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். வெர்னா ஹாலிஸ்டர் பெயரில் பத்து பவுண்டு என்று உலவும் பீன்ஸ் கட்டுரை தவறு, அவர் மகன் அவரைக் கேட்காமல் மாற்றியது, மேட்டு நிலத்தில் இருந்துகொண்டு அதைப் பார்த்துச் செய்தவர்கள் ருசி கூடப் பார்க்காமல் புட்டியோடு எறிந்துவிடுங்கள் என்று அதில் இருக்கிறது. ஒரு விஷயத்தை எப்படி நூறு இடத்தில் நிற்க வைப்பது, எப்படி எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவருவது என்பது உனக்குக் கைவந்த தொழில் அல்லவா. அதே டைரக்டரிகளில் இதைப் போடு, எடுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் எழுது, அடியில் உள்ள பெட்டியில் கடை வேண்டாம், எழுதியவர் நோலன் ஹாலிஸ்டர் என்று உன் பெயரைப் போடு. இதற்குக் கொண்டுவா உன் ட்ராஃபிக்கை. உன் கிளையன்ட் போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். என் வலைப்பதிவில் நான் அதைத் தனியாக ஏற்கெனவே போட்டுவிட்டேன், உன் பெயரோடுதான். பெற்ற பிள்ளையைச் சந்தி சிரிக்க வைப்பார்களா என்று லொரெட்டா கேட்டாள். எவள் பிள்ளையோ மூச்சுத் திணறிக் கிடப்பதைவிட என் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது மேல் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி முழுக்க அந்தத் திரை முன்னால் உட்காராதே. நீ கெட்டவன் இல்லை, அது எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லி இதைத் தள்ளிவிட மாட்டேன். கடவுள் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். அடுத்த மாதம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் கட்டாயம் வா, கனமான கோட்டு எடுத்து வா, மறந்துவிடாதே. ஜோலீன் குடும்பத்தையும் நம் வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். உன் நாற்காலியை அந்தச் சின்னவனுக்குப் பக்கத்தில் போடுவேன். மேசைக்கு வந்து உட்காரும்போது அவன் அம்மாவிடம் சொல்வதற்கு உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தோடு, ஆசீர்வாதத்தோடும்,
உன் அம்மா
வெர்னா ஹாலிஸ்டர்