செய்தது பழனாயி

வெள்ளகோவில்
28-11-1965

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி கிட்டுசாமி வணக்கமுங்க. அம்மாவும் நானும் சுகமுங்க. அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

எனக்கும் அமராவதிக்கும் கல்யாணம் தை 21ன்னு முடிவாயிருச்சுங்க. அதுக்கு முன்னால பொங்கலுக்கு அவங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் வாழ்த்து அனுப்போணும். கடையில விக்கறதெல்லாம் ஒரே சாமி படம். நீங்க கலர் தாள்ல பானையும் கரும்பும் வெட்டி ஒட்டற வாழ்த்து மாதிரி வராதுங்க. நூத்தைம்பது செஞ்சு அனுப்புங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பின்பக்கம் ‘செய்தது பழனாயி, திருப்பூர்’னு ரப்பர் ஸ்டாம்பு குத்துவீங்கல்ல, அது வேண்டாமுங்க. மச்சான் காலமாகி மூணு வருசம் ஆனாலும், நல்ல காரியத்துல அந்தப் பேர் எதுக்குன்னு சம்பந்தி ஊட்டுல கேப்பாங்க. இணைச்சீருக்கும் என்கூட நிக்கப் பெரியப்பா மக சின்னாத்தாளைச் சொல்லலாம்னு அம்மா சொல்றாங்க. தப்பா நினைக்காதீங்க.

தங்கள் தம்பி,
கிட்டுசாமி


திருப்பூர்
3-12-1965

கண்ணு கிட்டுசாமிக்கு அக்கா எழுதறது. உன் கடுதாசி வர்ற வரைக்கும் நான் சுகமாத்தான் இருந்தேன்.

கல்யாணம்னு படிச்சதும் ஒரு கூவு கூவினேன். பக்கத்து ஊட்டு முத்தாயி என்னமோ ஏதோன்னு ஓடி வந்துட்டா. அவளுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். பின்பாதி வந்ததும் வாயை மூடிக்கிட்டேன். உன்னை நினைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு.

ஏன்டா, என் கை வெட்டினா ஆகும், என் பேர் இருந்தா ஆகாதா? பனியன் கம்பெனியில பெட்டி செஞ்சு மிஞ்சற அட்டையைக் கேட்டு வாங்கிட்டு வந்து, கட்டையில தாளை விரிச்சு, இரும்பு அச்சை நிறுத்தி, சுத்தியலால ஒரு போடு போட்டா ஒரு பானை விழும். நூத்தைம்பது பானைக்கு நூத்தைம்பது போடு. தோள் கழண்டு போகுது. போன பொங்கலுக்கு என் வாழ்த்து ஊரெல்லாம் போச்சு. எவன் ஊட்டுல பானை பொங்காம நின்னுது? விசாரிச்சு எழுது.

கூடப் பொறந்தவ மாப்பிள்ளையோட நின்னு செய்யறதுதான் இணைச்சீர். என் புருசன் செத்தா என் தம்பி தம்பி இல்லேன்னு ஆயிருமா? சின்னாத்தா நல்ல புள்ளைதான். ஆனா உன் அக்கா நான். வாழ்த்து வேணும்னா பேரோடதான் வரும். உன் பக்கத்துல நிக்கறதும் நாந்தான். ஆகாதுன்னா கடைக்குப் போய் சாமி படம் வாங்கிக்க.

அம்மா முழங்காலுக்கு நொச்சித்தழை வதக்கி ஒத்தடம் கொடு.

பழனாயி


வெள்ளகோவில்
10-12-1965

அன்புள்ள அக்காவுக்கு,

கோவிச்சுக்காதீங்க. அமராவதி அப்பா ஆத்தப்பன் ரொம்பக் கறாரான ஆளுங்க. நீங்க ஸ்டாம்பு குத்தியே அனுப்புங்க. நான் இங்க மையைத் தடவி மறைச்சுக்கறேன். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.

கல்யாணத்துக்கு நீங்க கட்டாயம் வரோணும். சமையல்கட்டைப் பார்த்துக்க உங்களை விட்டா எனக்கு யாரிருக்காங்க?

கிட்டுசாமி


திருப்பூர்
2-1-1966

கிட்டுசாமிக்கு,

பார்சல் வந்திருக்கும். பிரிச்சுப் பாரு.

மையைத் தடவறேன்னு எழுதினே பாரு, அன்னைக்கே பஸ் ஏறி அனுப்பர்பாளையம் போனேன். எனக்கு அச்சு செஞ்சு தர்ற மணியன், பாத்திரப் பட்டறைக்காரர், ‘பேரை அச்சா செய்யறதா? தகடு வளையாதுங்க அம்மணி’ன்னார். வளையற வரைக்கும் இங்கேயே உக்காந்திருப்பேன்னு சொன்னேன். மூணு தடவை ஒடிஞ்சு நாலாவது தடவை வந்துது. எழுத்துச் சுழிக்குள்ள இருக்கற தாள் நிக்காம விழுந்துருது, இருந்தாலும் படிக்க முடியும்.

ஒவ்வொரு பானை வயித்துலயும் என் பேரை வெட்டியிருக்கேன். பின்னால செவப்புத் தாள் வச்சதுல பளிச்சுன்னு தெரியும். ஸ்டாம்புன்னா மை தடவுவே. இதை என்ன பண்ணுவே? என் பேரை எடுக்கோணும்னா பானையைக் கிழிக்கோணும். கிழிச்ச பானையைச் சம்பந்தி ஊட்டுக்கு அனுப்பு, பார்க்கலாம்.

சமையல்கட்டுல ஒளிஞ்சு நிக்க நான் வரமாட்டேன். உன் பக்கத்துல நிக்கக் கூப்பிட்டா வருவேன். இல்லாட்டி தை 21 அன்னைக்கு இங்கேயே வேலை பார்த்துட்டிருப்பேன். அழமாட்டேன்னு சொல்லலை, அழுவேன். ஆனாலும் வரமாட்டேன்.

செய்தது,
பழனாயி


வெள்ளகோவில்
19-1-1966

அன்புள்ள அக்காவுக்குக் கிட்டுசாமி எழுதறதுங்க.

பார்சலை முன்னால வச்சுக்கிட்டு ஒரு பகல் பூரா உக்காந்திருந்தேன். ஒண்ணே ஒண்ணை எடுத்துக் கிழிச்சுப் பார்க்கலாம்னு பிடிச்சேன். கை வரலைங்க. அடுத்த நாள் நூத்தைம்பதையும் தபால்ல போட்டேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஆத்தப்பன் மாமா வாழ்த்தைக் கையில பிடிச்சுட்டே வந்தாருங்க. ‘தாலியறுத்தவ பேர் இல்லாம உங்களுக்கு வாழ்த்துக் கெடைக்கலையா மாப்பிள்ளை?’ன்னு கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, ‘அது என் அக்கா பேருங்க. இணைச்சீருக்கும் அவங்கதான் நிக்கப் போறாங்க’ன்னு சொல்லிட்டேன். குடிக்கக் கொடுத்த மோரைத் தொடாம எழுந்து போயிட்டாருங்க. மூணு நாளாச்சு, ஒரு சேதியும் இல்லை.

கல்யாணம் நடக்குமான்னு தெரியலை. நடந்தா நீங்க என் பக்கத்துல நிக்கறீங்க. நீங்க நிக்கக் கூடாதுன்னா எனக்கு அந்தக் கல்யாணமே வேண்டாம். பொண்ணு வேற பார்த்துக்கலாமுங்க, அக்காவுக்கு நான் எங்கே போறது?

அம்மா ரண்டு நாளா என்கூடப் பேசலை. இன்னைக்குக் காலையில உங்க பழைய அரக்குச் சேலையைப் பொட்டியிலிருந்து எடுத்து வெயில்ல காயப் போட்டிருக்காங்க. எதுக்குன்னு கேட்டேன். ‘இணைச்சீருக்கு அவ வெள்ளையிலயா நிப்பா?’ன்னு என்மேல சீறி விழுந்தாங்க.

கிட்டுசாமி