முட்டித்தண்ணி

செனாவாங்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாதவிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனை நீ எடுப்பதே இல்லை. போன வாரம் உன் அண்ணன் தேவன்தான் எடுத்து, "அவ பேசமாட்டேங்கிறா மச்சான், கொஞ்ச நாளைக்கு விட்டுருங்கலா" என்றார். அதனால்தான் கடிதம். கல்யாணம் பேசிய புதிதில் உன் ஊர் சுங்கை சிப்புட்டுக்கு உனக்கு எழுதியது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

தொழிற்சாலையில் என்னை மறுபடி காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது. லோஷினியின் பள்ளிக்கூடப் பையை நான் தொடவில்லை.

அடுத்த மாதம் நம் ரப்பர் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. இந்த வருட அழைப்பிதழிலும், "முட்டித்தண்ணியில் நீராடிப் பால்குடம் புறப்படும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். பார்த்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் இருக்கும் ரந்தாவுக்குப் போய், கோயில் தலைவர் முனியாண்டி அண்ணனிடம் அந்த வரியை எடுக்கச் சொன்னேன். "அப்பன் பாட்டன் வெச்ச பேருலா யோகா, அத எப்படி மாத்துறது" என்றார். அந்தப் பேர்தான் அண்ணே என் பிள்ளையைக் கொன்றது என்றேன்.

ஆமாம் மாதவி. நான் பிறந்ததிலிருந்து அந்த ஆற்றுத்துறைக்கு அதுதான் பேர். முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறி நான் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டு வந்த நாங்கள் வருடத்துக்கு ஒரு நாள்தான் அங்கே போகிறோம். போன திருவிழாவுக்கு முன்னால் யாரோ லாரி லாரியாக மணலை அள்ளிவிட்டிருக்கிறார்கள். மேலே அதே கலங்கல் தண்ணீர். அடியில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம். நீ கேட்டாய், ஆழம் பார்த்தீர்களா என்று. நான் வளர்ந்த ஆறு எனக்குத் தெரியாதா என்று சிரித்தேன். ஒரு கம்பை விட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கூட இறங்கி அவள் கையையாவது பிடித்திருக்கலாம். முட்டித்தண்ணிதானேம்மா, மூணு முழுக்குப் போட்டுட்டு ஓடி வா என்று அனுப்பினேன். நாலாவது அடியில் பிள்ளையைக் காணோம். நானும் குதித்தேன். முட்டித்தண்ணியில் வளர்ந்தவனுக்கு நீச்சல் எங்கே தெரியும்? வேட்டியை வீசி என்னைத்தான் இழுத்துப் போட்டார்கள்.

முனியாண்டி அண்ணன் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். இந்த வருடம் கோயில் குழாயடியில்தான் குளியல். துறையில் குறுக்கே கயிறு கட்டுகிறோம். "ஆழம், இறங்காதீர்" என்று தமிழிலும் மலாயிலும் பலகை எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிரம்பானில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். நாற்பத்து மூன்று வயதில், ஆறு வயதுப் பிள்ளைகளோடு மிதவையைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறேன். இனி யாருக்காக என்று மட்டும் கேட்டுவிடாதே.

இங்கே எல்லாரும் விதி என்கிறார்கள். ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்கிறார்கள். பதினொரு மாதமாக ஒருவர்கூட என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நீயும் ஏசாமலே உன் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். போனை எடு மாதவி. வீட்டுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. வாய்க்கு வந்தபடி ஏசு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
லோஷினியின் அப்பா