பக்கம் 412, மறுவாசிப்பு

பிப்ரவரி 3

மரியாதைக்குரிய வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கத் தேவையில்லை. தினமும் எட்டு மணி நேரம் உங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஜலதோஷம் பிடித்தால்கூட எனக்கு முதலில் தெரிந்துவிடும். போன் நம்பரை மாற்றிக்கொண்டீர்கள். முகவரியை உங்கள் அக்கா சொல்லிவிட்டார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் என்னை விட்டுப் போன பிறகு சட்டை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தேன், காலர் பிரிவு. எங்கள் சூப்பர்வைசர் அம்மாவுக்குப் பாட்டு ஆகாது. பாட்டுக் கேட்டால் கால் தாளம் போடுகிறதாம், தையல் கோணிக்கொள்கிறதாம். அதனால் சுவர் ஸ்பீக்கரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒலிப்புத்தகம்தான் ஓடும். அதிலும் விண்வெளிக் கதை, மந்திரக் கதை என்றால் அந்த அம்மாவுக்கு உயிர். முப்பது பெண்கள், முப்பது மெஷின், நடுவில் கதை வாசித்துக்கொண்டு நீங்கள்.

கேட்டவள் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். தூரத்துக் கிரகத்துக்குக் கப்பல் போகிற அந்தக் கதையில் கேப்டன், இயந்திர மனிதன், ஆறு கண் உள்ள அந்நியன் மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி பேசுகிறார்கள். போகட்டும். கப்பலில் காற்று தீர்ந்துபோகிற அத்தியாயத்தை ஏதோ சாப்பிட்டுவிட்டு ஊஞ்சலில் ஆடுகிறவர் போல வாசித்திருக்கிறீர்கள். காற்று கிடைக்காமல் போனால் மனுஷன் எப்படிப் பேசுவான் என்று இளைப்புக்காரி என்னைக் கேட்டிருக்கலாமே?

கேட்காமலேயே எடுத்துக்கொண்டீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் வாசிக்கிற ஏழு பாகக் கதையில் சதுப்பு ராணி என்று ஒரு சூனியக்காரி வருகிறாளே, அவள் வாயைத் திறக்குமுன் ஒரு இழுப்பு, பிறகு "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று என் வாயில் வருகிற அதே பேச்சு. முதல் நாளே பொத்தான் பிரிவுக்காரி கத்திவிட்டாள். "ஏய், இந்தப் பொம்பள உன்ன மாதிரியே இழுக்குறாடி!" முப்பது பேரும் சிரித்தார்கள். இப்போது நான் உள்ளே நுழைந்தாலே "ராணி வந்தாச்சு" என்கிறார்கள். ஆறு பாகம் கேட்டாகிவிட்டது, ஆறிலும் இதே கூத்து.

நீங்கள் அலமாரிக்குள் போர்வை தொங்கவிட்டு வாசித்துப் பழகிய நாலு வருஷமும், "உன் இளைப்புச் சத்தம் மைக்ல விழுதுடி, வெளிய போய் உட்காரு" என்று என்னை மாடிப்படிக்கு அனுப்பினீர்கள். போனேன். அங்கே இருந்தபடியே காது கொடுத்து, எந்தக் குரல் எங்கே மாறிப்போனது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் அந்தச் சத்தத்தையே காரணம் காட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். வீட்டுக்கு ஆகாத சத்தம் சூனியக்காரிக்கு மட்டும் எப்படி ஆயிற்று?

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஏழாம் பாகத்திலாவது அவள் குரலை மாற்றுங்கள். "தப்புதான், மன்னிச்சிடு" என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பிப்ரவரி 21

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலை நெருக்கடியில் மேலோட்டமாகத்தான் பார்க்க முடிந்தது. நீ வேலைக்குப் போவது சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்.

எதைப் பார்த்தாலும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது உன் பழைய குணம். கலைஞன் நாலு இடத்தில் பார்ப்பான், நாலு பேரிடம் கேட்பான், கலந்து ஒன்றைச் செய்வான். ராணியின் குரல் என் சொந்தக் கற்பனை என்று பேட்டியிலேயே சொல்லியிருக்கிறேன். சனங்கள் அவளை அப்படி ரசிக்கிறார்கள். நீ பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

என் கஷ்டம் உனக்கு எங்கே தெரியப்போகிறது? எங்கள் ஒலிப்புத்தகக் கம்பெனியின் இணையதளத்தில், கேட்பவர்கள் கருத்து எழுதும் பக்கத்தில் 'மூன்றாம் படி' என்ற பெயரில் ஒரு ஆள் ஒரு வருஷமாக என் உயிரை வாங்குகிறான். டிராகன் பஸ் கண்டக்டர் மாதிரி பேசுகிறதாம். மூன்றாம் பாகத்தில் செத்தவன் நாலாம் பாகத்தில் காவல்காரனாக வந்து அதே குரலில் கதவு திறக்கிறானாம். யாரோ ரிட்டயரான வாத்தியார் என்று நினைக்கிறேன், வேலைவெட்டி இல்லை போல. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த ஆளையே ஏழாம் பாகத்துக்குச் சரிகேட்பவனாக வைத்துவிட்டார்கள்! நான் வாசித்து அனுப்புவதைக் கேட்டு, பிழை இருந்தால் பக்கம் போட்டுத் திருப்பி அனுப்புவான். அவன் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட வெளியே போகாது. தலையெழுத்து.

மன்னிப்பு அது இது என்று மனதைக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புடன்,
நான்

மார்ச் 30

மரியாதைக்குரிய வீட்டுக்காரருக்கு,

அந்த ரிட்டயரான வாத்தியார் நலமாக இருக்கிறார். காலர் தைக்கிறார்.

நம் மாடிப்படியில் முதல் படியில் உட்கார்ந்தால் கதவு கிறீச்சிடுவதுதான் காதில் விழும். ஐந்தாம் படிக்குப் போனால் பக்கத்து வீட்டு டிவி. மூன்றாம் படியில்தான் உங்கள் குரல் சுத்தமாக வரும். நாலு வருஷம் நான் உட்கார்ந்த இடம் அது. உட்காரவைத்தவருக்கு எத்தனையாவது படி என்று தெரியாதது ஆச்சரியமில்லை. நீங்கள் ஒரு நாளும் கதவைத் திறந்து பார்க்கவில்லையே.

ஏழாம் பாகத்தை எழுதிய மகராசி நன்றாயிருக்கட்டும். ராணியின் மூச்சைத் திருடித்தான் அரசன் தன் கோட்டைக்குக் காற்று ஊட்டினான் என்பதை இந்தப் பாகத்தில்தான் சொல்கிறாள். முதல் அத்தியாயத்திலேயே ராணிக்கு அவள் மூச்சு திரும்பிவிடுகிறது. திரும்பியவள் எதற்கு இழுக்க வேண்டும்? அதனால்தான் அறுபத்தொரு இடத்தில் "இழுப்பு வேண்டாம், மறுவாசிப்பு" என்று போட்டேன். கம்பெனியும் நியாயம்தான் என்றது. நீங்களும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிவிட்டீர்கள். ஒரு காரியம் முடிந்தது.

இனி பக்கம் 412, மூன்றாம் வரி. அரசன் மண்டியிட்டு, "நான் செய்தது தவறு. என்னை மன்னித்துவிடு" என்கிறான். இதுவரை ஒன்பது தடவை திருப்பியிருக்கிறேன். நான் அனுப்பிய பிழைச் சீட்டுகளை நீங்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை போலிருக்கிறது, திரும்பவும் சொல்கிறேன். முதல் தடவை அறிவிப்பு மாதிரி இருந்தது. நாலாவதில் குரல் நடுங்கியது, ஆனால் எண்ணி எண்ணி நடுங்கியது. ஏழாவதில் அழுதீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாவதில் அரசனுக்குத் தன்மீதே பரிதாபம், அவள்மீது இல்லை.

கடிதத்தில் ஒரு வரி கேட்டேன், மனசு வரவில்லை. இப்போது மைக் முன்னால் நின்று சொல்லுங்கள். எத்தனை தடவை ஆனாலும் கேட்பேன். எனக்கு அவசரமில்லை. பழி என்றால் பழிதான், ஒளித்துப் பேச எனக்கு என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
மூன்றாம் படி

ஏப்ரல் 24

வாயாடி,

பாவி, இப்படியும் ஒருத்தி இருப்பாளா! பத்தொன்பது தடவை திருப்பிவிட்டாய். உப்புத் தண்ணீர் கொப்பளித்துத் தொண்டை புண்ணாகிவிட்டது. ரெகார்டிங் தம்பி என்னைப் பார்த்ததும், "அண்ணே, இன்னிக்கும் மன்னிப்பா?" என்கிறான். டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அந்த வரி மனப்பாடம்.

நீ யார் என்று கம்பெனியில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் புத்தி வந்தது. சொன்னால் ராணி குரல் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பேட்டியில் வேறு உளறித் தொலைத்திருக்கிறேன். வசமாக மாட்டிக்கொண்டேன், உனக்குத் திருப்திதானே?

இருபதும் இருபத்தொன்றும் கோபத்தில் வாசித்தது, அதைக் கேட்காமலே விட்டுவிடு. நேற்று ரெகார்டிங் அறையில் ஆள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே அத்தனை அமைதி. நீ வெளியே உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. திரும்பி வந்து வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. அதுதான் இருபத்திரண்டாவது, அனுப்பியிருக்கிறேன்.

எழுத்தில் எனக்கு வராது, அதில் இருக்கிறது. கேட்டுக்கொள்.

புத்தகம் வெளிவந்ததும் நான் வீட்டுக்கு வரட்டுமா?

நான்

மே 2

மரியாதைக்குரியவருக்கு,

இருபத்திரண்டாவது வந்தது. மூன்றாம் படியில் உட்கார்ந்து மூன்று தடவை கேட்டேன்.

அதில் அரசன் பேசவில்லை, நீங்கள் பேசினீர்கள். நடிப்பு துளி இல்லை. பொய் சொல்ல மாட்டேன், நான் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

டீ இடைவேளையில் சூப்பர்வைசர் அம்மாவிடம் கேட்டு அதை ஸ்பீக்கரில் போட்டேன். சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். முடிந்த பிறகு யாரும் டம்ளரைக்கூட எடுக்கவில்லை. பொத்தான் பிரிவுக்காரிதான் மெதுவாக, "யாருடி இது?" என்றாள். "என் வீட்டுக்காரர். ராணி குரலும் என்னோடதுதான், கேக்காம எடுத்தது" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப என்னடி செய்யப்போறே?" என்று கேட்டாள். "நடக்கட்டும், நடக்கட்டும்" என்றேன். இந்தத் தடவை என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த ஒலியைக் கம்பெனிக்கு அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். அது எனக்குச் சேர வேண்டியது, வாங்கிக்கொண்டேன். நீங்கள் வாசித்ததிலேயே உயர்ந்தது அதுதான். அதற்காக ஊரே உங்களைக் கொண்டாடும். என் மூச்சை வைத்துப் பேர் வாங்கினீர்கள், என்னிடம் கேட்ட மன்னிப்பை வைத்தும் பேர் வாங்க விடமாட்டேன். உங்கள் சனங்களுக்குப் பழையபடி ஒரு நடிப்பு போதும். அடுத்ததை எப்படி வாசித்தாலும் சரி என்று போட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இங்கே என் இளைப்புச் சத்தம் கேட்கும், உங்களுக்கு ஆகாது.

கம்பெனிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இனி கடிதம் வராது.

பக்கம் 412, வரி 3. இருபத்திரண்டாம் வாசிப்பு.
பிழை: "என்னை மன்னித்துவிடு" என்பதற்குப் பின் "வாயாடி" என்று ஒரு சொல் கூடுதலாக இருக்கிறது. புத்தகத்தில் அப்படி ஒருத்தி இல்லை. நீக்கிவிட்டு மறுவாசிப்பு.

மூன்றாம் படி