வெங்காயங்கூடத் தொடாதவர்

ஸ்ரீவில்லிபுத்தூர், 1988

அன்புள்ள உங்களுக்கு,

"இவர் தினமும் குடிக்கிறார்" என்று அன்று இராஜபாளையம் டாக்டரிடம் நான் சொல்லவில்லை. உங்கள் மஞ்சள் கண்ணைப் பார்த்து அவர் கேட்டதுமே அத்தை முந்திக்கொண்டார்.

"குடியா? எம்பிள்ளை வெங்காயங்கூடத் தொடமாட்டான், டாக்டர்!"

நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்லீரல் பெரும்பாலும் கெடும்வரை வலிக்காது என்று படித்திருக்கிறேன். மிச்சமிருக்கும் பகுதியே எல்லா வேலையையும் இழுத்துச் செய்யுமாம். உங்கள் அம்மாவைப் போல அதுவும் கடைசிவரை மூடி மறைக்கும். இப்போதே நிறுத்துங்கள் என்று வழியெல்லாம் மன்றாடினேன்.

"நான் பூஜை பண்ற கோயில்ல நாலு பேர் சிரிப்பா. வாயை மூடிண்டு வா" என்றீர்கள்.

மறுநாள் தனியாகப் பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உடனே கூட்டிட்டு வாம்மா" என்றார். வந்து உங்களிடம் சொன்னேன். டாக்டரிடம் போகாமல், அன்று மாலையே நீங்களும் அத்தையும் மதுரைக்கு, உங்கள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் மனைவி